இரண்டு வகைப் பூட்டு

எங்கள் ஊர்ப் பேச்சில் 'பூட்டுறது' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. திறப்புப் போட்டுக் கதவை அடைப்பதும் பூட்டுறதுதான். கழட்டின சைக்கிளைத் திரும்பப் பொருத்துவதும் பூட்டுறதுதான். தனியாள் ஒருவர் சாமான் சாமானாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்துக் கணனி பூட்டுகிற கதையும் இந்த இரண்டு பூட்டுக்கும் இடையில் நடந்த இழுபறிதான். கொம்பனிகள் ஒரு பக்கத்தில் திறப்புப் போட்டுப் பூட்டப் பார்த்தன. ஆட்கள் மற்றப் பக்கத்தில் கழட்டிப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

முதல் தடவையாகக் கணனி பூட்ட வெளிக்கிடுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விகள்தான். எந்தப் புரொசசர் நல்லது? இந்த மதர்போட்டுக்கு அந்த ராம் சரிவருமா? பவர் சப்ளை எத்தனை வாட் வேண்டும்? இதற்கெல்லாம் பதில் சொல்லும் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் ஏன் இந்தச் சாமான் அந்தச் சாமானோடு பொருந்துகிறது, இன்னொன்றோடு பொருந்தாமல் நிற்கிறது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அது விளங்கினால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பொப்பியூலர் இலெக்ரோனிக்ஸ்' சஞ்சிகை அட்டையில் ஒரு பெட்டியின் படத்தைப் போட்டது. அதன் பெயர் அல்ரெயர் 8800. நியூ மெக்சிக்கோவில் எட் றொபேட்ஸ் என்பவர் நடத்திய மிற்ஸ் என்ற சின்னக் கொம்பனி செய்தது. உதிரிகளாக வாங்கினால் 397 டொலர். ஒவ்வொரு உதிரியையும் நாங்களே ஈயம் உருக்கி ஒட்டவேண்டும். கீபோட் இல்லை, திரை இல்லை. நினைவகம் வெறும் 256 பைற். முன்பக்கத்து ஆளிகளை மேலும் கீழும் தட்டினால் சின்னச் சின்ன விளக்குகள் எரியும், அவ்வளவுதான். அதையும் ஆயிரக்கணக்கான ஆட்கள் வாங்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு கார்க் கொட்டிலுக்குள் ஹோம்புறூ கொம்பியூட்டர் கிளப் கூடத் தொடங்கியது. அங்கே வந்துபோன ஸ்ரீவ் வொஸ்னியாக் வடிவமைத்த அப்பிள் 1 அடுத்த ஆண்டு 666.66 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவும் வெறும் பலகைதான். பெட்டி, கீபோட், மின்சாரம் எல்லாம் வாங்கினவர் பாடு.

ஆனால் இன்று நாங்கள் பூட்டுகிற கணனியின் நேர் முப்பாட்டன் அல்ரெயரும் அல்ல, அப்பிளும் அல்ல. அது 1981 ஓகஸ்ட் 12 இல் வந்த ஐ.பி.எம் பி.சி.

ஐ.பி.எம் எல்லாவற்றையும் தானே செய்கிற பெரிய கொம்பனி. இந்த ஒரு தடவை மட்டும் அவசரப்பட்டது. சின்னக் கணனிச் சந்தை தன்னை விட்டுவிட்டு ஓடுகிறது என்று கண்டு, புளோரிடாவில் ஒரு சிறு குழுவிடம் வேலையைக் கொடுத்தது. ஏறக்குறைய ஒரு வருடம்தான் தவணை. எல்லாவற்றையும் தாங்களே செய்ய நேரம் போதாது. ஆகவே வெளியே கிடைத்ததை வாங்கிப் பொருத்தினார்கள். புரொசசர் இன்ரெலின் 8088. இயங்குதளம் மைக்றோசொவ்ற்றுடையது. பிளொப்பி டிறைவ் இன்னொரு கொம்பனியுடையது. உள்ளே புதுக் கார்ட்கள் செருக ஐந்து இடம் விட்டார்கள். மற்றவர்கள் அதற்குக் கார்ட் செய்யவேண்டும் என்பதற்காக மின்சுற்றுப் படங்களையும் பயோஸ் நிரலையும் புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள்.

அப்படியென்றால் ஐ.பி.எம் எதைத்தான் பூட்டி வைத்தது? பயோஸை. கணனிக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் கண்விழிக்கிற சின்ன நிரல் அது. எல்லாரும் வாசிக்கலாம், ஆனால் பதிப்புரிமை ஐ.பி.எம்முடையது. ஒரு வரி கொப்பி அடித்தாலும் வழக்கு. 1983 இல் அப்பிள் கொம்பனி பிராங்கிளின் என்ற கொம்பனிக்கு எதிராகப் போட்ட வழக்கில், சிப்புக்குள் எழுதிய நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பூட்டு நல்ல பலமான பூட்டுத்தான்.

அந்தப் பூட்டைச் சட்டப்படி திறந்தவர்களில் முக்கியமானவர்கள் கொம்பாக். 1982 இல் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸை விட்டு வெளியேறிய மூன்று பேர் ஹூஸ்ரனில் தொடங்கிய கொம்பனி. அவர்கள் செய்த வேலை மிகவும் எளிமையானது, அதேநேரம் மினக்கேடானது. ஒரு பகுதி ஆட்கள் ஐ.பி.எம் நிரலை வாசித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதினார்கள். அந்த நிரலைக் கண்ணாலும் காணாத இன்னொரு பகுதி ஆட்கள் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினார்கள். பார்க்காததைக் கொப்பி அடித்ததாக ஒருவரும் குற்றம் சாட்ட முடியாது. 1983 இல் கொம்பாக் தன் முதற் கணனியை விற்கத் தொடங்கி, அந்த ஒரே ஆண்டில் 53,000 விற்றது. 1984 இல் பீனிக்ஸ் என்ற கொம்பனி இதே மாதிரி ஒரு பயோஸ் எழுதி, காசு தருகிற யாருக்கும் விற்கலாம் என்று வந்தது. அதோடு கதவு அகலத் திறந்துவிட்டது.

திறந்த கதவால் முதலில் ஓடி வந்தது தாய்வான். கிகாபைற், எம்.எஸ்.ஐ இரண்டும் 1986 இல் தொடங்கினவை. ஏசர் கொம்பனியில் வேலை செய்த நான்கு பேர் 1989 இல் அசூஸைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் மதர்போட் வாங்கப் போனால் இந்த மூன்று பெயரும்தான் முன்னுக்கு நிற்கும்.

ஐ.பி.எம் சும்மா இருக்கவில்லை. 1987 இல் பி.எஸ்.2 என்ற புதுக் கணனி வரிசையைக் கொண்டுவந்தது. உள்ளே கார்ட் செருகும் இடத்தையே மாற்றி, அதற்குக் கார்ட் செய்ய விரும்புவோர் காசு கட்டவேண்டும் என்றது. இரண்டாவது பூட்டு. 1988 இல் கொம்பாக் முன்னுக்கு நிற்க ஒன்பது கொம்பனிகள் ஒன்று சேர்ந்து, நாங்கள் பழைய வழியையே அகலமாக்கிக்கொண்டு போகிறோம் என்று அறிவித்தன. வாங்குகிற சனமும் அந்தப் பக்கமே போனது. தன்னுடைய குழந்தையை ஐ.பி.எம்மால் திரும்பக் கைப்பற்ற முடியவில்லை. கடைசியில் 2005 இல் அந்தத் தொழிலையே சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டுப் போனது. பி.எஸ்.2 இன் மிச்சமாக நின்றது கீபோட்டும் மவுசும் செருகுகிற அந்த வட்டத் துவாரம். சில மதர்போட்களில் அது இன்னும் இருக்கிறது.

1995 இல் இன்ரெல் ஏ.ரி.எக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போட் 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர், ஆணித் துவாரம் இன்ன இடத்தில், பவர் செருகி இன்ன மாதிரி என்று எல்லாம் அதில் இருந்தது. அதற்கு முன்னம் பவர் சப்ளையில் இருந்து இரண்டு தனித்தனிச் செருகி வரும். இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிச் செருகவேண்டும். மாறிச் செருகினால் மதர்போட் போய்விடும். 'கறுப்பும் கறுப்பும் நடுவிலே' என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் அந்தக் காலத்தில் செருகுவோம். ஏ.ரி.எக்ஸ் வந்தபின் ஒரே செருகி, அதுவும் ஒரு பக்கமாகத்தான் போகும். முப்பது வருடம் ஆகியும் அந்தத் துவாரங்கள் அதே இடத்தில் நிற்கின்றன. 90களின் பிற்பகுதியில் வாங்கிய நல்ல ஏ.ரி.எக்ஸ் பெட்டி ஒன்றுக்குள் இந்த வருடத்து மதர்போட்டை இன்றும் இறுக்கலாம்.

எங்கள் சனம் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். 90களின் கடைசியில் பரிஸில் கணனிச் சாமான் என்றால் 12ஆம் வட்டாரத்தில் இருக்கும் மொங்கலே வீதிதான். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள், பெரும்பாலும் சீன வம்சாவளி ஆட்கள் நடத்தினவை. ஒவ்வொரு கடையிலும் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் தருவார்கள். அதைச் சேர்த்துக்கொண்டு, ராம் இந்தக் கடையில் பத்துப் பிராங் மலிவு, ஹாட் டிஸ்க் அந்தக் கடையில் மலிவு என்று வீதியை மூன்று தரம் நடப்போம். பெரிய கடைகளில் முழுக் கணனியைத் தவணைக்கு வாங்கலாம்தான். ஆனால் தவணைக்குச் சம்பளத் துண்டு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், நிரந்தர விசா அட்டை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற கடுதாசியை வைத்திருக்கிறவனுக்கு யார் தவணை தருவார்? சாமான் சாமானாக வாங்குகிறவனிடம் ஒருவரும் கடுதாசி கேட்பதில்லை. இந்த மாதச் சம்பளத்தில் பெட்டி, அடுத்த மாதம் மதர்போட், ரெஸ்ரோரண்டில் மேலதிக வேலை கிடைத்த மாதம் புரொசசர். கொம்பாக் ஆட்கள் எங்களை நினைத்து அந்த நிரலை எழுதவில்லை. ஆனால் அவர்கள் திறந்த கதவால் நாங்களும் உள்ளே வந்தோம்.

அப்படிப் பூட்டின கணனிகளில்தான் எங்கள் ஆட்கள் தமிழ் எழுதிப் பழகினார்கள். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேலே தமிழை ஏற்றிவைத்த ஒன்று. பிரெஞ்சுக் கீபோட்டில் எழுத்துகள் இடம் மாறி இருப்பதால், ஊரில் தட்டச்சுப் படித்தவர்களின் விரல் ஒன்றை நினைக்க, திரையில் இன்னொன்று வரும். ஆகவே கணனிக்குள் கீபோட்டை அமெரிக்க முறைக்கு மாற்றிவிட்டு, கட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அடிப்பார்கள். பிறகு யூனிகோட் வந்தது. வின்டோஸில் அது வின்டோஸ் 2000 இலும் 2001 இல் வந்த எக்ஸ்.பியிலும்தான் ஒழுங்காகத் தெரிந்தது. எக்ஸ்.பி சீராக ஓட 128 மெகாபைற் ராம் வேண்டும் என்றார்கள். பழைய கணனியில் 32 இருந்தால் என்ன செய்வது? மூடியைக் கழட்டு, இன்னொரு ராம் துண்டைச் செருகு, திரும்பப் பூட்டு. முழுக் கணனிக்குக் காசு இல்லாத பல வீடுகளுக்கு இணையத்தில் தமிழ் வாசிக்கிற வழி இப்படித்தான் வந்தது.

இனி இன்று சாமான் தெரிகிற கதைக்கு வருவோம்.

முதலில் புரொசசர். ஒரு காலத்தில் ஒரே மதர்போட்டில் இன்ரெல் பென்ரியமும் போடலாம், ஏ.எம்.டியின் கே6 உம் போடலாம், சிரிக்ஸும் போடலாம். சொக்கற் 7 என்று பெயர். 1997 இல் இன்ரெல் பென்ரியம் 2 ஐ ஸ்லொற் 1 என்ற புது வடிவில் கொண்டுவந்து, மற்றவர்கள் அதற்குள் வரமுடியாதபடி காப்புரிமையால் அடைத்தது. மூன்றாவது பூட்டு. ஏ.எம்.டி தன் சொந்த வழியில் போய் 1999 இல் அத்லோன் செய்தது. 2000 மார்ச்சில் ஒரு கிகாஹேர்ட்ஸ் எல்லையை இன்ரெலுக்கு இரண்டு நாள் முந்தித் தொட்டது. அன்றிலிருந்து புரொசசரைத் தெரிந்தால் மதர்போட்டின் சாதியையும் தெரிந்துவிட்டோம் என்று அர்த்தம். ஆகவே புரொசசரை மட்டும் பார்க்காமல் அதன் சொக்கற் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்றும் பாருங்கள். ஏ.எம்.டியின் ஏ.எம்.4 2016 இல் வந்தது, 2024 இலும் அதற்குப் புதுப் புரொசசர் வந்தது. 2022 இல் வந்த ஏ.எம்.5 க்கு 2027 வரையேனும் ஆதரவு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ரெலின் 1700 சொக்கற் மூன்று தலைமுறையோடு முடிந்து, 2024 இல் 1851 வந்தது. நாலு வருடத்தில் புரொசசரை மட்டும் மாற்றலாமா, மதர்போட்டையும் சேர்த்து எறியவேண்டுமா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

அடுத்தது பவர் சப்ளை. கனபேர் இதில்தான் காசை மிச்சம் பிடிப்பார்கள். 2000களின் தொடக்கத்தில் கெட்ட மின்திரவம் நிரப்பிய கப்பாசிற்றர்கள் உலகம் முழுக்கப் போய், மதர்போட்களிலும் பவர் சப்ளைகளிலும் தலை வீங்கி வெடித்தன. பிழை மலிவுச் சாமானில், செத்தது பெறுமதியான சாமான். வாட் கணக்கு ஒன்றும் பெரிய விசயமில்லை. 65 வாட் புரொசசரும் 150 வாட்டுக்கு உட்பட்ட கிராபிக்ஸ் கார்ட்டும் என்றால் 550 வாட் தாராளம். ஆயிரம் வாட் என்று எழுதிய மலிவுப் பெட்டியை விட, நல்ல பெயருள்ள, நீண்ட உத்தரவாதமுள்ள 550 வாட் மேல்.

ராமில் டி.டி.ஆர்.4 வேறு, டி.டி.ஆர்.5 வேறு. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதற்குள் போகாது. போகவில்லை என்றால் அழுத்தவேண்டாம், வாங்கினது பிழை. ஒரே துண்டை விடச் சோடியாக இரண்டு வாங்குவது வேகம். சேமிப்புக்கு எம்.2 வாங்கும்போது அது என்.வி.எம்.ஈ வகையா, சாற்றா வகையா என்று மதர்போட் கையேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

விலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999 செப்ரெம்பர் 21 இல் தாய்வானில் பூமி நடுங்கியது, மொங்கலே வீதியில் ராம் விலை ஏறியது. 2011 இல் தாய்லாந்தில் வெள்ளம், ஹாட் டிஸ்க் விலை ஏறியது. பிற்கொயின் வகையறாக் காசுகளைத் தோண்டுகிற பைத்தியம் 2017 இலும் 2021 இலும் கிராபிக்ஸ் கார்ட்டை எட்டாக்கனி ஆக்கியது. 2025 இன் கடைசியில் செயற்கை அறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை திரும்ப மேலே போனது. ஏறின ஒரு சாமானுக்காக முழுக் கணனியையும் ஒத்திவைக்கத் தேவையில்லை. இன்றைக்கு 16 கிகாபைற்றோடு தொடங்கிவிட்டு, பிறகு கூட்டலாம். பூட்டின கணனியின் பெரிய வசதியே அதுதான்.

ஆனால் மாதம் ஒரு சாமான் என்ற எங்கள் பழைய முறையை இப்போது பின்பற்றவேண்டாம். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க 14 நாள்தான். முதல் மாதம் வாங்கிய மதர்போட் பழுது என்று நாலாம் மாதம் தெரிந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் இருந்தாலும் திருத்த அனுப்பிக் காத்திருக்கவேண்டும். காசைச் சேர்த்து வைத்து, ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் வாங்கி, உடனே பூட்டி ஓடவிட்டுப் பாருங்கள்.

பூட்டுவதற்கு முன்னம் செய்யவேண்டிய ஆயத்தங்கள் சில. வெளிச்சமான மேசை ஒன்று. இரண்டாம் நம்பர் நட்சத்திரத் திருப்புளி ஒன்று. மதர்போட் கையேடு பக்கத்தில் விரித்தபடி. இயங்குதளம் ஏற்றிய யூ.எஸ்.பி குச்சி முதல்நாளே தயாராக. கம்பளிச் சட்டை, கம்பள விரிப்பு வேண்டாம், நிலைமின்சாரம் பிடிக்கும். அடிக்கடி பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இறுக்க முன்னம், மதர்போட் வந்த காட்போட் பெட்டிக்கு மேலேயே புரொசசர், விசிறி, ராம் மட்டும் பூட்டி ஒருக்கால் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். புரொசசருக்குள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்ட்டையும் செருகவேண்டும். புரொசசருக்கென்று தனியாக வரும் எட்டு முனைச் செருகியைச் செருகினீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். திரை வயரைக் கிராபிக்ஸ் கார்ட்டில் செருகுங்கள், மதர்போட்டில் அல்ல. புதுப் புரொசசரைப் பழைய கையிருப்பு மதர்போட் அடையாளம் காணாவிட்டால் பயோஸைப் புதுப்பிக்கவேண்டி வரும். புரொசசர் இல்லாமலே யூ.எஸ்.பி குச்சியால் அதைச் செய்யக்கூடிய மதர்போட்கள் இருக்கின்றன, அந்த வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது உள்ளே இருப்பது யூ.ஈ.எப்.ஐ என்ற வேறொன்றுதான். ஆனாலும் எல்லாரும் அதைப் பயோஸ் என்றே சொல்கிறோம். அத்தனை சண்டை பிடித்த பெயர் இலேசில் போகாது.

இந்த இழுபறி முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். மடிக்கணனிகளில் ராமை மதர்போட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். 2020 இல் அப்பிள் கொண்டுவந்த எம்1 இல் நினைவகம் புரொசசரோடு ஒரே பொதிக்குள் போய்விட்டது. வாங்குகிற அன்று எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிந்தது. வின்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்போ புதிய புரொசசரோ இல்லாததால், நன்றாக ஓடுகிற எத்தனையோ கணனிகள் குப்பைக்குப் போகின்றன. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் பல வருடம் ஓடும், தமிழும் அதில் ஒழுங்காக எழுதலாம். பிரான்ஸ் அரசு 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணனி உட்படச் சில பொருட்களுக்கு, எவ்வளவு இலேசாகத் திருத்தலாம் என்று பத்துக்குப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தது. கழட்ட முடியாத பெட்டிகள் பெருகியதால்தான் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது.

மொங்கலே வீதியில் அந்தக் கடைகள் பல மூடிவிட்டன. இணையத்தில் ஒரே இடத்தில் எல்லாம் வாங்கலாம், முழுக் கணனியே சிலவேளை உதிரிகளை விட மலிவாகவும் கிடைக்கும். மலிவு மட்டும்தான் உங்கள் கணக்கு என்றால் அதையே வாங்குங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் வீட்டில் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டால், ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிச் சேர்ந்து பூட்டுங்கள். எங்கள் பெடியள் கனபேர் இந்த நாட்டில் கைநிறையச் சம்பளம் எடுக்கிற தொழிலுக்கு வந்தது அப்படி ஒரு மூடியைக் கழட்டின நாளில் இருந்துதான். ஐந்து வருடம் கழித்து அது மந்தமாகும்போது, எந்தச் சாமானை மாற்றவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். புதுக் கணனிக்குக் காசு கேட்டு வராது, திருப்புளி எங்கே என்றுதான் கேட்கும்.